வெள்ளிமலையும் வெறுங்கடதாசியும்: மார்க் ட்வெயின் வாழ்வில் ஓர் அதிகாரம்

டொம் சோயரையும் ஹக்கிள்பெரி பின்னையும் அறியாத மாணவர் அரியர். மிசிசிப்பி ஆற்றங்கரைச் சிறுவர் இருவரை உலகத்துச் சிறுவர் எல்லார்க்கும் தோழராக்கிய மார்க் ட்வெயினை நாம் நகைச்சுவைச் செல்வர் என்றே போற்றி வருகின்றோம். அச்செல்வர் எழுத்துலகிற் புகுமுன், மண்ணுக்கடியிற் கிடக்கும் வெள்ளியை நம்பி, மலையடிவாரத்துக் கொட்டகையொன்றிற் கைகள் காய்த்துப்போக உழைத்தவர் என்பதும், சுரங்கப் பங்குப் பத்திரங்களை ஒரு பெட்டியில் நிரப்பி வைத்து அவற்றின் விலையை நாள்தோறும் எண்ணி மகிழ்ந்தவர் என்பதும், ஈற்றில் அப்பத்திரங்கள் அடுப்பெரிக்கவும் போதாத வெறுங்கடதாசியாகக் கண்டவர் என்பதும் பலர் அறியாதன. அறிவு மிக்கவரும் ஆசைவலையில் வீழ்தல் எங்ஙனம், வீழ்ந்தவர் மானத்தோடு எழுதல் எங்ஙனம் என்னும் இரண்டினையும் அவர் வரலாறு ஒருங்கே காட்டுகின்றது. ஆதலின் அவ்வதிகாரத்தை ஈண்டு சிறிது விரித்துரைப்பாம்.

தந்தை விட்ட முதுசம்

மார்க் ட்வெயின் என்பது புனைபெயர். பெற்றோர் இட்ட பெயர் சாமுவேல் லாங்கோர்ன் கிளெமென்ஸ் என்பது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசூரி மாநிலத்தில், புளோரிடா என்னும் சிற்றூரில், 1835ஆம் ஆண்டு நொவம்பர் மாதம் 30ஆந் திகதி அவர் பிறந்தார். ஹலியின் வால்வெள்ளி வானிற் காணப்பட்ட ஆண்டு அது. அவருக்கு நான்கு வயதாகும்போது குடும்பம் மிசிசிப்பிக் கரையிலுள்ள ஹனிபால் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது.

தந்தையார் நேர்மையானவர், ஆயினும் பொருள் சேர்க்கத் தெரியாதவர். அவர் முன்னொருகால் டெனசி மாநிலத்திற் பல்லாயிரம் ஏக்கர் காட்டு நிலத்தைச் சிறுதொகைக்கு வாங்கி வைத்திருந்தார். அதன் பரப்பு 75,000 ஏக்கருக்குக் குறையாது என்பது மகனார் எழுதிவைத்த கணக்கு. அந்நிலத்தில் இரும்பு உண்டு, நிலக்கரி உண்டு, என்றோ ஒருநாள் புகைவண்டி வரும், அன்று பிள்ளைகள் கோடீஸ்வரராவர் என்பது தந்தையாரின் நம்பிக்கை. 1847இல் அவர் இறக்கும்போதும் அந்நிலத்தை விடாது பற்றிக்கொள்ளுமாறு கூறியே கண்மூடினர். பிள்ளைகளோ இலவு காத்த கிளிபோல ஆண்டுகள் பல காத்திருந்தனர். நிலம் சிறிது சிறிதாக, அற்ப விலைக்குக் கைமாறிப் போயிற்று, செல்வம் வரவில்லை. நாளை செல்வராவோம் என்னும் எண்ணம் இன்றைய உழைப்பை எங்ஙனம் இளக்கிவிடும் என்பதைக் கிளெமென்ஸ் பின்னாளிற் கசப்போடு எழுதினார். 1873இல் சாள்ஸ் டட்லி வோணர் என்பவரோடு சேர்ந்து அவர் இயற்றிய புதினத்திலும் அந்நிலத்தின் சாயலைக் காணலாம். எனினும் அவ்வெண்ணம் அவர் குருதியிற் கலந்துவிட்டது. தந்தையார் விட்டுச்சென்ற மெய்யான முதுசம் நிலமன்று, அந்த எதிர்பார்ப்பே.

தந்தையார் இறந்தபின் சிறுவர் அச்சகத்திற் சேர்ந்து அச்சுக்கோக்கப் பழகினார். பின்னர் மிசிசிப்பியில் நீராவிக் கப்பலுக்கு வழிகாட்டும் தொழிலைக் கற்று, 1859இல் அதற்குரிய அனுமதிப் பத்திரமும் பெற்றார். மதிப்பும் நல்ல வேதனமும் உள்ள தொழில் அது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது, ஆற்றுப் போக்குவரத்து நின்றது, தொழிலும் ஒழிந்தது. அவ்வேளையில் தமையனார் ஓரியன், புதிதாக அமைக்கப்பட்ட நெவாடாப் பிரதேசத்தின் செயலாளராக நியமனம் பெற்றிருந்தார். பதவி கிடைத்ததேயன்றி வழிச்செலவுக்குப் பணமில்லை. கப்பலிற் சேமித்த பணத்தைக் கொண்டு இருவர்க்கும் தம்பியே கட்டணஞ் செலுத்தினார். ஜூலை மாதக் கடைசியிற் புறப்பட்ட சகோதரர், அஞ்சல் குதிரை வண்டியிற் சமவெளியையும் மலைத்தொடரையும் பாலையையும் கடந்து, ஆகஸ்ட் 14ஆந் திகதி கார்சன் நகரை அடைந்தனர்.

நீலக் களியும் நீளக் கணக்கும்

அந்நாளில் நெவாடாவின் பேச்சு முழுதும் வெள்ளியே. இரண்டாண்டுகட்கு முன், 1859இல், அங்குப் பொன் அரித்துக்கொண்டிருந்தோர் கனத்த நீலநிறச் சேறொன்று தம் வேலைக்கு இடையூறாவதைக் கண்டு அதனை அள்ளி எறிந்து வந்தனர். ஒருவர் அதிற் சிறிது கலிபோர்ணியாவுக்கு எடுத்துச் சென்று மாற்றுப் பார்ப்பித்தபோது, எறிந்தது உயர்தர வெள்ளித் தாது என்பது வெளியாயிற்று. கொம்ஸ்ரொக் நாளம் என உலகம் அறிந்த பெருஞ்சுரங்கத் தொகுதி அவ்வாறு பிறந்தது. அதற்குத் தம் பெயரைக் கொடுத்த ஹென்றி கொம்ஸ்ரொக் தம் பங்கைப் பத்தாயிரம் டொலர் அளவில் விற்றுவிட்டு, 1870இல் மொன்டானாவில் வறியராய்த் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் விற்ற நிலத்திலிருந்தோ கோடிக்கணக்கான டொலர் பெறுமதியுள்ள வெள்ளியும் பொன்னும் வெளிவந்தன. முன்னவர் விற்றுக் கெட்டதைக் கண்ட பின்னவர், விற்காமல் வைத்திருப்பதே அறிவு என்று நினைக்கலாயினர். அந்நினைவே பலரைக் கெடுத்தது.

அங்கு உடைமையை அளந்த முறை புதுமையானது. பாறைக்குள் மரவேர்போல ஓடும் தாது நாளத்தின் நீளத்தை அடிக்கணக்கிற் பிரித்து, இத்தனை அடி இன்னாருக்கு என எழுதிக்கொள்வர். ஆகவே ஒருவர் செல்வத்தைக் கேட்கும்போது எத்தனை அடி வைத்திருக்கிறார் என்றே கேட்பர். பிற்பாடு கம்பனிகள் அமைந்து, அடிகள் பங்குகளாக மாறின. அவற்றை வாங்கி விற்பதற்கென 1862இற் சான் பிரான்சிஸ்கோ நகரிற் பங்குச் சந்தையொன்றும் தோன்றியது.

கிளெமென்ஸ் முதலில் ஹம்போல்ற் மலைப்பகுதிக்குப் போனார். நிலத்தில் மினுங்கிய துகளைப் பொறுக்கிப் பொன்னென மகிழ்ந்தார்; அது வெறும் அப்பிரகம் என்று முதிய தோழரொருவர் காட்டினார். பின்னர் எஸ்மரால்டா மாவட்டத்து ஒரோரா என்னும் ஊரிற் சில சிறு சுரங்கங்களிற் பங்கு வாங்கினார். சிறு சுரங்கப் பங்கின் இயல்பை அவர் கற்றது அங்கேதான். பங்கை வாங்கியவுடன் செலவு தீர்ந்துவிடுவதில்லை, அப்போதுதான் தொடங்குகின்றது. பாறையைக் குடையவும், மரந் தாங்கல் வைக்கவும், நீர் இறைக்கவும், வழக்குப் பேசவும் பணம் வேண்டும். அப்பணத்தைக் கம்பனி பங்காளரிடமே மீண்டும் மீண்டும் கேட்கும். கேட்ட தொகையைக் கட்டாதவரின் பங்கு பறிமுதலாகும். எனவே சிறிது கட்டியவர், கட்டியது வீணாகாதிருக்க மேலுங் கட்டுவர். கொம்ஸ்ரொக்கிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் எழுந்த கம்பனிகளிற் பங்காளரிடம் வாங்கியதிலும் மிகுதியாகப் பங்கிலாபம் கொடுத்தவை மிகச் சிலவே. ஒரோராவிலிருந்து கிளெமென்ஸ் தமையனாருக்கு எழுதிய கடிதங்கள் பல, அடுத்த தவணைக்குப் பணம் அனுப்புமாறு கேட்பனவாகவே உள்ளன. ஓரியனின் அரச சம்பளத்திற் பெரும்பகுதி அக்குழிகளுட் போய் மறைந்தது.

பணம் முடைப்பட்டபோது கிளெமென்ஸ் தாதுக் கல்லை இடித்து வெள்ளி பிரிக்கும் ஆலையொன்றிற் கூலியாளாகச் சேர்ந்தார். வாரமொன்றுக்குப் பத்து டொலரும் சாப்பாடுமே கூலி. ஒரு வாரத்தில் அவ்வேலை போதுமென்றாயிற்று. கூலி உயர்த்தச் சொல்லி மாதம் நான்கு இலட்சம் டொலர் கேட்டதாகவும், முதலாளி வாயிற்கதவைக் காட்டியதாகவும் அவர் தமக்கே உரிய வேடிக்கையோடு பின்னர் எழுதினார். வேடிக்கையின் உள்ளே ஓர் உண்மை உண்டு. பத்திரத்திற் பல்லாயிரம் டொலருக்கு உடையவராக இருந்தவர் வயிற்றுக்காக மண்வெட்டி பிடிக்க நேர்ந்தது என்பதே அது.

பத்து நாட் செல்வர்

ஒரோராவில் நிகழ்ந்த வேறொன்றை அவர் தம் ‘ரஃபிங் இட்’ என்னும் நூலிற் (1872) கூறுகின்றார். கல்வின் ஹிக்பி என்பவர் அவருடைய கொட்டகைத் தோழர். பெயர்பெற்ற சுரங்கமொன்றின் உள்ளே, அக்கம்பனிக்கு உரியதல்லாத வேறொரு நாளம் குறுக்கே ஓடுவதை அவர் கண்டுபிடித்தார். நிலத்தின் மேலே தலைகாட்டாத அத்தகைய நாளம் கண்டவர்க்கே உரியது என்பது அவ்விடத்துச் சட்டம். இருவரும், அச்சுரங்கத்து மேற்பார்வையாளரும் சேர்ந்து உரிமை அறிவித்தல் ஒட்டினர். அன்றிரவு இருவரும் உறங்கவில்லை. கட்டப்போகும் மாளிகையையும் செல்லப்போகும் ஐரோப்பிய யாத்திரையையும் பற்றியே பேசினர்.

சட்டம் இன்னொன்றும் விதித்திருந்தது. பத்து நாளுள் அந்நாளத்திற் சிறிதாயினும் வேலை செய்தல் வேண்டும். செய்யாவிடின் உரிமை அழியும். கிளெமென்ஸ் நோயுற்ற நண்பரொருவரைப் பார்க்கப் போனார். ஹிக்பி வேறொரு புதையலைத் தேடி மலையேறினார். மூன்றாமவரும் அவசர காரியமாக ஊரை விட்டகன்றார். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் எண்ணினர். பத்தாம் நாள் நள்ளிரவு கழிந்தவுடன் பிறர் வந்து உரிமையைக் கைப்பற்றிக்கொண்டனர்.

இக்கதையின் ஒவ்வோர் அமிசமும் வரலாற்று உண்மை எனக் கொள்ளல் வேண்டாம். சரிதமும் கற்பனையும் விரவிய நூல் அது. ஆயினும் அந்நூலை அவர் ஹிக்பிக்கே உரிமையாக்கி, பத்து நாள் இருவரும் கோடீஸ்வரராயிருந்த காலத்தின் நினைவாகப் படைத்தமை நோக்கற்பாலது. நகைப்புக்கு உள்ளே ஆறாத வடுவொன்று இருந்தது.

பெட்டி நிறைந்த பத்திரங்கள்

1862 செப்டெம்பரில் வெர்ஜீனியா நகரத்து ‘ரெரிற்றோரியல் என்ரர்பிறைஸ்’ பத்திரிகை அவருக்கு வாரம் 25 டொலர் வேதனத்தில் நிருபர் வேலை கொடுத்தது. 1863 பெப்ரவரியில் மார்க் ட்வெயின் என்னும் பெயர் முதன்முதலாக அப்பத்திரிகையிலேயே வெளிவந்தது. மிசிசிப்பிக் கப்பலோட்டிகள் இரண்டு பாக ஆழத்தைக் குறிக்க எழுப்பும் குரலே அப்பெயர்.

நிருபர் தொழில் அவருக்குச் சுரங்க வாணிகத்தின் உட்புறத்தைத் திறந்து காட்டியது. நகரைச் சூழ நூற்றுக்கணக்கான குழிகள் தோண்டப்பட்டன. பெருநாளத்தின் அருகே கூட இல்லாத அக்குழிகளைக் காட்டுப்பூனைகள் என அழைப்பர். ஒவ்வொன்றுக்கும் அழகிய பெயர் உண்டு. வண்ணப் பத்திரம் உண்டு. வெள்ளி மட்டும் இல்லை. புதுக்குழி தோண்டியவர் நிருபரிடம் வந்து நாற்பது ஐம்பது அடியை இலவசமாகக் கொடுப்பார். கைம்மாறாகப் பத்திரிகையில் ஒரு சிறு குறிப்பு வந்தாற் போதும். கல் ஓரளவு நன்றாயிருந்தால் கல்லை வானளாவப் புகழ்வது வழக்கம். கல்லிற் சாரமில்லையெனிற் சுரங்க வழியின் அழகைப் புகழ்வர். அதுவும் இல்லையெனிற் புதுக்கயிற்றையும் நீரிறைக்கும் பம்பையும் புகழ்வர். ஒன்றுமே இல்லாவிடிற் கண்காணிப்பாளரின் பண்பைப் புகழ்வர். இவ்வாறு சேர்ந்த பத்திரங்கள் ட்வெயினுடைய பெட்டியைப் பாதிவரை நிறைத்தன.

ஏமாற்று வகைகளையும் அவர் கண்டறிந்தார். வளமான சுரங்கத்திலிருந்து நல்ல தாதுக்கல்லை வாங்கி வெறுங்குழியிற் கொட்டி, வாங்க வருபவர்க்குக் காட்டுதல் ஒருவகை. உப்பிடுதல் என்பது அதன் குழூஉக்குறி. ஒரு சுரங்கத்திற் கிடைத்ததாகக் காட்டிய வெள்ளித் துண்டுகளைக் கழுவிப் பார்த்தபோது, உருக்கிய அரை டொலர் நாணயத்தின் எழுத்துக்கள் அவற்றிற் பாதி அழியாமலே இருந்தன என்று அவர் எழுதியுள்ளார். மாற்றுப் பார்ப்போரிலும் ஒருவர் இருந்தார். அவரிடம் எக்கல்லைக் கொடுத்தாலும் வளமான தாதென்றே முடிவு வரும். ஐயமுற்ற சிலர் சாணைக்கல்லொன்றை உடைத்து ஒரு துண்டைக் கொடுத்தனர். தொன் ஒன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட டொலர் பெறுமதியான வெள்ளி அதில் உண்டென்று பத்திரம் எழுதிக் கொடுத்தார் அப்பெரியார். அத்துடன் அவர் தொழில் முடிந்தது.

இவற்றினும் நுண்ணியது பங்கிலாபத்தைச் சமைத்தல். கம்பனியில் இலாபம் இராது. இயக்குநர் கடன் வாங்கிப் பெரும் பங்கிலாபம் அறிவிப்பர். அதனைக் கண்டு பங்கு விலை ஏறும். ஏறியவுடன் தம் பங்குகளை மெல்ல விற்று விலகுவர். 1863 ஒக்டோபரில் இதனைக் கண்டிக்க விரும்பிய ட்வெயின் ஒரு கற்பனைச் செய்தியை எழுதினார். நெவாடாச் சுரங்கங்கள் பங்கிலாபஞ் சமைப்பதாகச் சான் பிரான்சிஸ்கோப் பத்திரிகைகள் எச்சரித்தன. அதனை நம்பிய ஒருவர் தம் பணத்தை அந்நகரத்து நீர் வழங்கும் கம்பனியொன்றில் இட்டார். அக்கம்பனியும் அதே சூழ்ச்சி செய்ய, பணமிழந்து மதிமயங்கித் தம் குடும்பத்தையே வெட்டினார் என்பது செய்தி. மரமே இல்லாத வெளியில் அவர் ஒரு பெருங்காட்டை வைத்து எழுதினார். படிப்போர் பொய்யென எளிதில் உணர்வர் என்று கருதினார். மக்களோ கொலையைப் படித்து நடுங்கினரேயன்றிப் பங்கிலாபத்தைப் பற்றிய பகுதியை நோக்கவேயில்லை. அயலூர்ப் பத்திரிகைகளும் உண்மையென மறுபிரசுரஞ் செய்தன. பொய்யென்று வெளியானதும் வசை பெருகியது. ட்வெயின் தம் சொல்லை மீட்டுக்கொண்டார். எச்சரிக்கை மட்டும் எவர் செவியிலும் ஏறவில்லை.

அறிந்தவர் அறியாராயினார்

இங்கேதான் அவர் வரலாற்றின் வியப்பு உள்ளது. கல் பொய் சொல்வதையும், கணக்குப் பொய் சொல்வதையும், பத்திரிகை பொய் சொல்வதையும் இத்துணைத் தெளிவாகக் கண்டவர், தம் பெட்டியிலுள்ள பத்திரங்கள் மட்டும் மெய் சொல்லுமென நம்பினார். 1863இல் கூல்ட் அன்ட் கறி என்னும் சுரங்கத்தின் ஓரடி 6,300 டொலர் வரை ஏறியது. ஹேல் அன்ட் நோர்குறொஸ் சுரங்கத்திற் ட்வெயினுக்கும் பங்கு இருந்தது. 1864இற் பத்திரிகை வேலையை விட்டுச் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனவர், பங்கு இன்னும் ஏறும் எனக் காத்திருந்து, செல்வர்போலச் செலவிட்டு வாழ்ந்தார். மேலடுக்கிலிருந்த வளமான தாது தீர்ந்துவந்தது. குழிகளுள் நீர் புகுந்தது. எல்லை வழக்குகள் இலாபத்தை உண்டன. விலை மளமளவெனச் சரிந்தது. கடன்களைக் கொடுத்துத் தீர்த்தபின் அவர் கையில் ஐம்பது டொலரும் மிஞ்சவில்லை என்கின்றார்.

அம்மலையின் வளம் அத்துடன் முடிந்ததுமன்று. ஒன்றுமில்லையெனக் கைவிடப்பட்டிருந்த கொன்சொலிடேற்றட் வெர்ஜீனியாச் சுரங்கத்தில் 1873இல் மக்கேயும் அவர் கூட்டாளிகளும் பெருந்தாதுத் திரளைக் கண்டனர். பங்கு விலை வானளாவியது, 1875இல் வீழ்ந்தது, அவ்வாண்டு ஆகஸ்டிற் கலிபோர்ணியா வங்கி கதவடைத்தது. பொறுமையின்றி விற்றவரும் கெட்டனர். பொறுமையோடு வைத்திருந்தவரும் கெட்டனர். சுரங்கப் பங்கில் முந்திய ஆண்டின் அனுபவம் அடுத்த ஆண்டுக்குப் பாடமாவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

வறுமையுற்ற ட்வெயின் 1864 இறுதியிற் கலிபோர்ணியாவின் மலைப்புறத்திற் சிறு பொன் குழிகளைத் தேடும் நண்பரோடு தங்கினார். பொன் கிடைக்கவில்லை. மழை பெய்த நாளொன்றில் ஏஞ்சல்ஸ் காம்ப் என்னும் ஊரின் மதுக்கடையடுப்பருகே, பந்தயத் தவளையைப் பற்றிய கதையொன்று காதில் விழுந்தது. அதனை அவர் எழுதி, 1865 நொவம்பரில் நியூயோர்க்கிலே வெளியிட்டபோது நாடெங்கும் பெயர் பரவியது. மலை கொடாத செல்வத்தைத் தவளை கொடுத்தது. நெவாடாவில் அவர் தோண்டிய குழிகளுள் ஒன்றேனும் வெள்ளி தரவில்லை. அக்குழிகளைப் பற்றி எழுதிய நூலோ பல்லாயிரம் பிரதி விற்றது.

விலை என்னும் மூன்றாம் ஐயம்

சுரங்கத்தை நம்புவோர்க்கு ஐயங்கள் மூன்று. மண்ணுள் உலோகம் உண்டோ என்பது ஒன்று. மண்மேல் நிற்கும் மனிதர் நேர்மையுடையரோ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ட்வெயின் நெவாடாவிற் கண்டார். எடுத்த உலோகத்துக்கு உலகம் என்ன விலை தரும் என்பது மூன்றாவது. அவர் அங்கிருந்த காலத்தில் அவ்வையம் எழவில்லை. பிரான்சு முதலிய நாடுகள் பொன்னுக்கும் வெள்ளிக்கும் நிலையான விகிதம் வைத்து நாணயம் அடித்தமையால் வெள்ளி விலை பெரிதும் அசையாது நின்றது.

1870க்குப் பின் அந்நிலை மாறியது. ஜெர்மனி பொன் நாணயத்துக்கு மாறித் தன் பழைய வெள்ளியை விற்கத் தொடங்கியது. 1873இல் அமெரிக்கச் சட்டமொன்று வெள்ளி டொலரைக் கைவிட்டது. பிரான்சும் அதன் கூட்டு நாடுகளும் வெள்ளி நாணயம் அடிப்பதைக் குறைத்து, 1878 அளவில் நிறுத்தின. நெவாடாவின் புதுவளமும் சந்தையிற் குவிந்தது. மலையின் செழிப்பே மலையின் விலைக்குப் பகையாயிற்று. 1870 அளவில் அவுன்சு ஒன்று 1 டொலர் 30 சதத்துக்கு மேல் விற்ற வெள்ளி, 1894இல் அதன் அரைவாசியினும் தாழ்ந்தது. இத்தகைய காலத்திற் பெருஞ்சுரங்கம் ஒருவாறு தாக்குப்பிடிக்கும். ஒரே குழியை நம்பிய சிறு கம்பனியோ, எடுக்கும் செலவு விற்கும் விலையை எட்டியவுடன் மூடப்படும். தாது இருந்தும், நேர்மை இருந்தும் பங்கு கடதாசியாகும்.

இவ்விலைச் சரிவு நம் நாட்டையும் தொட்டது. இலங்கையில் அந்நாளில் வழங்கியது வெள்ளி ரூபாய். ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் பெற்ற ரூபாய், 1894இல் ஒன்றேகால் ஷில்லிங்கினும் கீழிறங்கியது. 1893 ஜூனில் இந்திய நாணயசாலைகள் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை நாணயமாக்க மறுத்தன. அச்செய்தி கேட்டுச் சில நாளுள் அமெரிக்காவில் வெள்ளி விலை மேலுஞ் சரிந்தது. அவ்வாண்டு அந்நாட்டில் மூண்ட பெருநெருக்கடியில் வங்கிகள் நூற்றுக்கணக்கில் மூடின. வெள்ளிச் சுரங்கங்களை விட்டு முப்பதாண்டு விலகியிருந்த ட்வெயினையும் அவ்வலை வந்து அடித்தது.

எங்ஙனமெனிற் கூறுதும். புகழும் பொருளும் பெற்ற ட்வெயின் 1884இல் ஒரு புத்தக வெளியீட்டுக் கம்பனியை நிறுவினார். ஜனாதிபதி கிராண்டின் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டு, அவர்தம் மனைவிக்கு ஒரே காசோலையில் இரண்டு இலட்சம் டொலர் கொடுத்த நிலையம் அது. ஆயினும் பழைய நோய் அவரை விடவில்லை. பேஜ் என்பவர் கண்ட அச்சுக்கோக்கும் யந்திரத்தில் ஆண்டுக்காண்டு பணத்தைக் கொட்டினார். ஏறத்தாழ 18,000 உறுப்புக்களையுடைய அந்த யந்திரம் ஒருநாள் அற்புதமாக ஓடும், மறுநாள் பழுதாகும். இன்னுஞ் சிறிது பணம், இன்னுஞ் சிறிது காலம் என்ற குரல் ஒரோராவிற் கேட்ட அதே குரல். எளிமையான லைனோரைப் யந்திரம் அதனை முந்திக்கொண்டது. தொலைபேசி தோன்றிய காலத்தில் அதன் பங்கை வாங்கும்படி வந்தவரைத் திருப்பி அனுப்பியவரும் இவரே. நெருக்கடியிற் கடன் கிடையாமற்போக, 1894 ஏப்ரலில் அவருடைய கம்பனி வங்குறோத்தாயிற்று.

கடன் தீர்த்த யாத்திரை

கடன் கொடுத்தோர் டொலருக்கு ஐம்பது சதம் பெற்றும் அமைந்திருப்பர். சட்டமும் அவரை விட்டிருக்கும். ட்வெயினும் அவர் மனைவி ஒலிவியாவும் அதற்கு இசையவில்லை. டொலருக்கு நூறு சதமும் கொடுத்தே தீர்ப்பதெனத் துணிந்தனர். ஸ்ரான்டர்ட் ஒயில் கம்பனியின் ஹென்றி றொஜர்ஸ் என்னும் நண்பர் கணக்கு வழக்கை ஒழுங்கு செய்தார். 1895 ஜூலையில், அறுபதை அணுகிய வயதில், இராசபிளவையால் வருந்திய உடம்போடு ட்வெயின் உலகைச் சுற்றி விரிவுரை நிகழ்த்தப் புறப்பட்டார்.

அவ்யாத்திரையின் வழியிலேயே 1896 ஜனவரி நடுவில் அவர் கொழும்பில் இறங்கினார். வீதியிற் சென்ற மக்களின் உடை நிறங்கள் அவர் கண்ணை நிறைத்தன. அவ்வண்ணக் காட்சியின் நடுவே, ஐரோப்பிய உடை உடுத்தி வரிசையாக வந்த பாதிரிமார் பாடசாலைச் சிறுமியரைக் கண்டு, அவ்வுடை அவர்க்குப் பொருந்தாமையை நினைந்து வருந்தினார். தாமும் அத்தகைய உடையே உடுத்திருப்பதை எண்ணி நாணினார். பின்னர் இந்தியாவெங்கும் சென்று, கல்கத்தாவிலிருந்து கப்பலேறி, சென்னையில் ஒருநாளும் இலங்கையில் மீண்டும் சிலநாளும் தங்கி, மொறீசியசு வழியாகத் தென்னாபிரிக்கா சேர்ந்தார். நெவாடா விட்ட நிழல் அங்கும் தொடர்ந்தது. யொகானஸ்பேர்க்கின் பொற்சுரங்கங்களையும் கிம்பர்லியின் வைரச் சுரங்கத்தையும் பார்த்தார். சுரங்க முதலாளிகளின் கிளர்ச்சியாற் பிரிட்டோரியாவிற் சிறைப்பட்டோரையும் கண்டு பேசினார். இம்முறை பங்கு வாங்கவில்லை. பார்த்ததை எழுதிக்கொண்டு போனார்.

விதி கொடியது. அவர் இங்கிலாந்தை அடைந்திருந்தபோது, 1896 ஆகஸ்ட் 18ஆந் திகதி, அமெரிக்காவில் மூத்த மகள் சூசி மூளைக்காய்ச்சலால் இறந்தாள். அருகிருக்கவும் கொடுத்து வைக்கவில்லை. அத்துயரின் நடுவே பயண நூலை எழுதி முடித்தார். அது 1897இல் வெளிவந்தது. விரிவுரைப் பணமும் நூற்பணமும் சேர்ந்து, 1898 தொடக்கத்திற் கடன் முழுதும் தீர்ந்தது. ஹலியின் வால்வெள்ளி மீண்டும் தோன்றிய 1910ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி அவர் காலமானார்.

அவர் வரலாற்றைப் படிப்போர், அறிவிருந்தும் ஏன் வீழ்ந்தார் என வினாவுவர். பிறர் பொய்யை அறிதற்கு அறிவு போதும். தம் ஆசையின் பொய்யை அறிதற்கு அது போதாது. கடைசிவரை அவர் அந்த ஆசையை வென்றாரெனச் சொல்வதற்கில்லை. புதுக் கம்பனிகளிற் பணமிடும் பழக்கம் பின்னும் தொடர்ந்தது. அவர் வென்றது வேறொன்று. தம் தவற்றின் விலையைப் பிறர் தலையிற் சுமத்தாது தாமே சுமந்தார். மாதச் சம்பளத்திற் சிறிது மிச்சம் பிடித்து, மண்ணுக்கடியிலுள்ள பொன்னில் இட நினைக்கும் எவரும், தாதையும் கணக்கையும் விலையையும் வினாவுதலோடு, போனாற் பொறுக்கக் கூடியதையே இடுகின்றோமா என்றும் தம்மைத் தாமே வினாவுவாராக. அவ்வினாவை ஒரோராவின் கொட்டகையில் எழுப்பாத இளைஞர் ஒருவர், அதன் விடையை முதுமையில் உலகைச் சுற்றி நடந்து தேட வேண்டியதாயிற்று.